இடம் கொடுத்தவரும் குற்றவாளியா? போதைப்பொருள் புழங்கும் இடங்கள் மீதான சட்டங்கள்

அவர் போதைப்பொருளைப் பயன்படுத்தியதில்லை, விற்றதும் இல்லை. அவர் கையிலோ பையிலோ ஒரு கிராம்கூட சிக்கவில்லை. இருந்தும் அவருக்கு 20 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் பொறுப்பில் இருந்த ஓர் இடத்தில் வேறு யாரோ அதைச் செய்தார்கள், அது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் காரணம். வீட்டு உரிமையாளர், வாடகைக்கு இருப்பவர், விடுதி மேலாளர், இசை நிகழ்ச்சி நடத்துபவர், வீடற்றோர் காப்பகத்தின் இயக்குநர், லாரி முதலாளி என யார் வேண்டுமானாலும் அந்த நிலையில் வந்து நிற்கலாம்.

பல நாடுகளின் போதைப்பொருள் சட்டங்களில் இப்படி ஒரு பிரிவு உண்டு. கடத்தல், விற்பனை பற்றிய பிரிவுகள் அளவுக்கு இது பேசப்படுவதில்லை. ஆனால் குற்றம் செய்தவருக்கும் அவரைச் சுற்றி இருந்தவர்களுக்கும் இடையே கோடு எங்கே விழும் என்பதை முடிவு செய்வது இந்தப் பிரிவுதான். தெரிந்திருந்ததா, தெரிந்தும் நடக்க விட்டாரா என்ற கேள்வியின் மேல்தான் அந்தக் கோடு நிற்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. தெரிந்தவர்தான் மாட்டுவார் என்றால், தெரிந்துகொள்ளாமல் ஒதுங்கிப் போவதே பாதுகாப்பு என்றாகிவிடும். அடிமைப்பட்டவர்களுக்கு உதவ நெருங்கி வருபவர்களுக்கோ தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இடத்தைக் குறிவைத்தது ஏன்

இந்த வகைச் சட்டம் புதியதல்ல. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1875-ல் அபின் புகைக்கும் கூடங்களை நடத்துவதையும் அங்கே போவதையும் குற்றமாக்கியது. அமெரிக்காவின் முதல் போதைப்பொருள் எதிர்ப்புச் சட்டம் என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். கவனித்தால், அந்தச் சட்டம் அபினைத் தடை செய்யவில்லை, அபின் புகைக்கும் கூடத்தைத்தான் தடை செய்தது. அபின் கலந்த மருந்துகள் அப்போது கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. கூடங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் சீனக் குடியேறிகள். வெள்ளை இளைஞர்கள் அங்கே போகத் தொடங்கியதுதான் நகர நிர்வாகத்தைக் கலங்க வைத்தது. பொருளை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்த அந்த முதல் சட்டத்தில் இனவெறுப்பும் கலந்திருந்தது என்பதை மறைக்க முடியாது.

அதே சமயம், இடத்தைக் குறிவைப்பதற்கு நியாயமான ஒரு தேவையும் உண்டு. ஒரு வீட்டில் ஏழு பேர் இருக்கிறார்கள், பொட்டலம் கிடப்பதோ பொதுக் கூடத்தில். அது யாருடையது? எல்லோரும் ‘எனக்குத் தெரியாது’ என்றுதான் சொல்வார்கள். ‘கைவசம் வைத்திருந்தார்’ என்ற குற்றச்சாட்டு அங்கே நொறுங்கிவிடும். விற்பவன் வாரத்துக்கு ஒருவனாக மாறுவான். இடம் மட்டும் மாறாது. வாங்க வருபவர்கள் அங்கேயே வருவார்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்த வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போக வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாழ்பவர்களின் பயமும் கோபமும் உண்மையானவை. அதைக் குறைத்துப் பேசிவிட்டு இந்தச் சட்டங்களை விமர்சிப்பது சரியல்ல.

1980-களில் அமெரிக்க நகரங்களில் ‘கிராக்’ எனப்படும் புகைக்கும் கொக்கைன் பரவியபோது, கைவிடப்பட்ட வீடுகள் அதை விற்கவும் அங்கேயே புகைக்கவும் பயன்பட்டன. அவற்றை ஒடுக்க 1986-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போதைப்பொருள் ஒழிப்புச் சட்டத்தின் பகுதியாகக் கொண்டுவந்ததுதான் இன்று ‘கிராக் ஹவுஸ்’ சட்டம் என்று அறியப்படும் பிரிவு. கூட்டாட்சிச் சட்டத்தொகுப்பின் 21-ஆம் தலைப்பில் 856-ஆம் பிரிவு. தண்டனை 20 ஆண்டு வரை சிறை. தனிநபருக்கு 5 லட்சம் டாலர் வரையும், நிறுவனத்துக்கு 20 லட்சம் டாலர் வரையும் அபராதம்.

யாருடைய நோக்கம்?

அந்தப் பிரிவுக்கு இரண்டு கிளைகள். முதல் கிளை, போதைப்பொருள் தயாரிக்க, விநியோகிக்க அல்லது பயன்படுத்த என்ற நோக்கத்துடன் ஓர் இடத்தைத் திறப்பவரையும் வாடகைக்கு எடுப்பவரையும் பராமரிப்பவரையும் பிடிக்கிறது. இரண்டாவது கிளை, ஓர் இடத்தை நிர்வகிப்பவர் அதை அந்தக் காரியத்துக்காக மற்றவர்களுக்குத் தெரிந்தே விட்டுக்கொடுப்பதைப் பிடிக்கிறது. பணம் வாங்கினாரா, இலவசமாகக் கொடுத்தாரா என்பது பொருட்டே அல்ல. உரிமையாளர், குத்தகைதாரர், முகவர், ஊழியர், அடமானம் பிடித்தவர் வரைக்கும் பட்டியல் நீள்கிறது.

இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 1990-ல் ஐந்தாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் (‘சுற்று’ என்பது சில மாநிலங்கள் சேர்ந்த நீதிமன்ற எல்லை), ஹூஸ்டனில் ஒரு மோட்டல் உரிமையாளர் மீதான வழக்கில், வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. முதல் கிளையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த நோக்கம் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது கிளையில் அறை எடுத்தவருக்கு அந்த நோக்கம் இருந்தால் போதும், உரிமையாளருக்கு அது தெரிந்திருந்தால் போதும். இன்னொரு முடிவும் அதில் இருந்தது. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவரை இரண்டாவது கிளையின் கீழ் தெரிந்தவராகவே எடுத்துக்கொள்ளலாம், முதல் கிளையின் கீழ் அப்படி முடியாது. யாரும் கவனக்குறைவால் ஒரு நோக்கத்தைக் கொண்டிருக்க முடியாதே.

சரி, சொந்த வீட்டில் தனக்காகப் பயன்படுத்துபவர்? அவர் வீடும் ‘போதைப்பொருள் பயன்படுத்தும் இடம்’தானே? சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால் அவரும் உள்ளே வந்துவிடுவார், 20 ஆண்டு காத்திருக்கும். நீதிமன்றங்கள் அங்கே கை கொடுத்தன. மக்கள் வாழ்வதற்காக வீடு வைத்திருக்கிறார்கள், போதைப்பொருளுக்காக அல்ல. எப்போதாவது பயன்படுத்துபவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார் என்று 1992-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வீட்டைப் பொறுத்தவரை அது முதன்மைப் பயன்களில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒன்பதாவது சுற்று நீதிமன்றம் 2011-ல் வரையறுத்தது. முக்கிய நோக்கம், குறிப்பிடத்தக்க நோக்கம் என்று ஒவ்வொரு நீதிமன்றமும் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. ஒருவரின் 20 ஆண்டு வாழ்க்கை, நீதிபதி எந்த அடைமொழியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்து அமைகிறது என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நாடாளுமன்றம் எழுதியிருக்க வேண்டியதை நீதிமன்றங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஒரு பண்ணை வீடும் ஒரு காப்பகமும்

இங்கிலாந்தின் கதை இன்னும் செறிவானது. அங்கே இரண்டு வழக்குகள் இந்தப் பிரச்சினையின் இரு முனைகளையும் காட்டிவிட்டன.

முதலாவது, சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் சந்திக்கும் ‘ஸ்வீட் எதிர் பார்ஸ்லி’. ஆக்ஸ்போர்டு அருகே ஒரு பண்ணை வீட்டை ஓர் ஆசிரியை வாடகைக்கு எடுத்து, அறைகளை மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். அவர் அங்கே தங்கவில்லை. வாடகை வாங்கவும் கடிதங்களை எடுக்கவும் எப்போதாவது போவார். 1967-ல் போலீஸ் சோதனையில் கஞ்சா புகைத்ததற்கான தடயங்கள் கிடைத்தன. அவருக்கு எதுவும் தெரியாது என்பதைக் கீழ் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. ஆனாலும் தண்டித்தது. கஞ்சா புகைக்கப் பயன்படும் இடத்தின் நிர்வாகத்தில் பங்கு இருந்தால் குற்றம் என்று 1965-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

1969-ல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்தத் தண்டனையை ரத்து செய்தது. எந்தத் தவறும் செய்யாதவரைக் குற்றவாளியாக்க நாடாளுமன்றம் விரும்பியது என்று நினைக்க முடியாது. சட்டம் வாய் திறக்காத இடத்தில் குற்ற மனம், அதாவது தெரிந்தே தவறு செய்யும் மனநிலை, தேவை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. அப்புறம் வந்த 1971-ஆம் ஆண்டின் போதைப்பொருள் துர்ப்பயன்பாட்டுச் சட்டம், 8-ஆம் பிரிவில், தெரிந்தே அனுமதித்தால்தான் குற்றம் என்று வெளிப்படையாக எழுதியது. தண்டனைச் சட்டம் இந்த அளவுக்காவது ஒழுங்குக்கு வந்ததற்கு அந்த வழக்குதான் காரணம்.

இரண்டாவது வழக்கு கேம்பிரிட்ஜில் நடந்தது. வீடற்றவர்களுக்கான பகல்நேரக் காப்பகம் அது. அங்கே வந்தவர்களில் பலர் ஹெராயினுக்கு அடிமையானவர்கள். காப்பகத்துக்குள் விற்பனைக்கு அனுமதி இல்லை. விற்பவர் என்று சந்தேகம் வந்தால் வெளியேற்றித் தடை விதிப்பார்கள். ஆனால் அப்படித் தடை செய்யப்பட்டவர்களின் பெயர்களைப் போலீசிடம் கொடுக்க மாட்டோம் என்பது அவர்களின் ரகசியக் காப்புக் கொள்கை. கொடுத்தால் நம்பிக்கை போய்விடும், நம்பிக்கை போனால் யாரும் உதவி கேட்டு உள்ளே வரமாட்டார்கள் என்பது அவர்கள் தரப்பு நியாயம். மாறுவேடத்தில் வந்த போலீசார் அங்கே ஹெராயின் வாங்கினார்கள். இயக்குநரும் பகல்நேர மைய மேலாளரும் 1998-ல் கைதானார்கள். 1999 டிசம்பரில் ஒருவருக்கு 5 ஆண்டு, இன்னொருவருக்கு 4 ஆண்டு சிறை.

நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. சில மாதங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை வெளியே விட்டது, தண்டனையும் குறைந்தது. குற்றத்தீர்ப்பு மட்டும் நீங்கவில்லை. விற்பனை நடப்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லது தெரியாதபடி கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். தடுக்க மனமில்லாமல் இருந்திருக்க வேண்டும். நியாயமான நடவடிக்கை எடுக்காததிலிருந்தே அந்த மனநிலையை ஊகிக்கலாம் என்றது நீதிமன்றம். எடுத்த நடவடிக்கை போதும் என்று அவர்கள் மனமார நம்பினார்களா என்பது கணக்கில் வராது. எது நியாயமான நடவடிக்கை என்பதை ஜூரிதான் முடிவு செய்யும்.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. அந்த இருவரும் ஹெராயின் அடிமைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் அவர்கள் மேல் எந்த வழக்கும் வந்திருக்காது. உள்ளே அழைத்து, பேசி, உணவு கொடுத்து, ஆலோசனை சொன்னதால்தான் அவர்களுக்கு விஷயம் ‘தெரிந்தது’. கேம்பிரிட்ஜில் போதைப்பொருள் விற்பனை அதனால் குறைந்ததோ இல்லையோ, இங்கிலாந்தில் காப்பகம் நடத்தும் ஒவ்வொருவரும் தங்கள் விதிகளைப் பயத்துடன் திருத்தி எழுத உட்கார்ந்தார்கள்.

அந்த 8-ஆம் பிரிவில் ஓர் விசித்திரமும் உண்டு. தயாரித்தல், வழங்கல் என்றால் எந்தப் போதைப்பொருளாக இருந்தாலும் குற்றம். பயன்படுத்துவது என்று வந்தால் கஞ்சா புகைப்பதும் அபின் புகைப்பதும் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஹெராயின் ஊசி போட்டுக்கொள்ள அனுமதிப்பது அதில் இல்லை. எல்லாப் போதைப்பொருளுக்கும் அதை விரிவாக்க 2001-ல் நாடாளுமன்றம் ஒரு திருத்தம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வராமல் பிறகு நீக்கப்பட்டது.

இந்தியாவின் 25-ஆம் பிரிவு

இந்தியாவின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. வழக்கமாக என்.டி.பி.எஸ். சட்டம் என்பார்கள். அதன் 25-ஆம் பிரிவு வீடு, அறை, அடைப்பு, வெற்றிடம் ஆகியவற்றோடு விலங்கையும் வாகனத்தையும் சேர்த்துக்கொள்கிறது. இவற்றின் உரிமையாளரோ, குடியிருப்பவரோ, கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரோ, வேறொருவர் இந்தச் சட்டப்படி குற்றம் செய்ய அதைத் தெரிந்தே அனுமதித்தால், அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை அவருக்கும்.

முதலில் இது இன்னும் கடுமையாக இருந்தது. எந்தக் குற்றத்துக்கு இடம் கொடுத்தாலும் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். ஒரு சிறு பொட்டலத்துக்கும் ஒரு லாரி சரக்குக்கும் ஒரே தண்டனை. 2001 திருத்தம்தான் அதை மாற்றி, அளவுக்குத் தக்க தண்டனை என்ற முறைக்குக் கொண்டுவந்தது. இப்போது கஞ்சா என்றால் 1 கிலோ வரை சிறு அளவு, அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவலும் 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும். ஹெராயினுக்கு அந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். வணிக அளவு என்று வந்துவிட்டால் ஜாமீன் கிடைப்பதே பெரும்பாடு. அவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் திருப்தி அடைய வேண்டும் என்கிறது 37-ஆம் பிரிவு. விசாரணை முடியும் முன்பே நிரபராதி என்று ஏறக்குறைய காட்ட வேண்டிய நிலை. இடம் கொடுத்ததாகச் சொல்லப்படுபவருக்கும் இதுதான்.

இங்கே இன்னொரு பிரிவு குறுக்கிடுகிறது. குற்ற மனம் தேவைப்படும் வழக்கில் அது இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்தான் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு. அப்படியானால் 25-ஆம் பிரிவில் ‘தெரிந்தே’ என்று எழுதியதற்கு என்ன மதிப்பு? உரிமையாளர் என்பதைக் காட்டினால் போதும், தெரிந்திருந்தது என்று தானாக அனுமானம் வந்துவிடும் என்றுதான் கீழ் நீதிமன்றங்கள் சில வழக்குகளில் நடந்துகொண்டன.

உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2011-ல் போலா சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில், லாரியின் கூட்டு உரிமையாளர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்றது. வாகனம் அப்படிப் பயன்படுவது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்கான அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் அனுமானம் எழும். 2023-ல் ஹர்பஜன் சிங் எதிர் ஹரியானா அரசு வழக்கிலும் அதே வழியில் இன்னொரு லாரி உரிமையாளர் விடுதலையானார். அது 2000-ஆம் ஆண்டில் பிடிபட்ட லாரி. தனக்குத் தெரியாது என்பதை நிலைநாட்ட அவருக்கு 20 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. சட்டம் கடைசியில் சரியாகப் படிக்கப்பட்டது என்று மகிழ்வதா, அதற்குள் ஒரு வாழ்க்கையின் பெரும்பகுதி போய்விட்டதே என்று வருந்துவதா?

வாகனத்தைப் பறிமுதல் செய்வது தனி வழி. 60-ஆம் பிரிவின்படி, தன் அறிவோ உடந்தையோ இல்லை என்பதோடு, தவறாகப் பயன்படாமல் தடுக்க எல்லா நியாயமான முன்னெச்சரிக்கையும் எடுத்ததாகவும் உரிமையாளர் நிரூபிக்க வேண்டும். தண்டனையிலிருந்து தப்பியவர் வண்டியை இழக்கலாம்.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. போதைப்பொருள் கண்டெடுக்கப்பட்ட இடத்தின் சாவி ஒருவரிடம் இருப்பது நிரூபணமானால், அந்தப் பொருள் அவர் கைவசம் இருந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். இல்லை என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். இடம் கொடுத்தவர் என்ற தனி வகை அங்கே அவ்வளவாகத் தேவைப்படாமல் போகிறது, ஏனென்றால் சாவி வைத்திருப்பவர் நேரடியாகவே பொருளை வைத்திருந்தவராகிவிடுகிறார். 15 கிராமைத் தாண்டும் ஹெராயின் கடத்தலுக்கு மரண தண்டனை வரை போகும் சட்டம் அது என்பதைச் சேர்த்து யோசித்தால் அந்த அனுமானத்தின் கனம் புரியும்.

தண்ணீர் கொடுத்தால் சாட்சியம்

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். கைவிடப்பட்ட வீடுகளுக்காக எழுதப்பட்ட பிரிவு, 2000-த்தின் தொடக்கத்தில் நடனக் கொண்டாட்டங்கள் பக்கம் திரும்பியது. எக்ஸ்டஸி எனப்படும் மாத்திரை அங்கே புழங்கியது. 2002-ல் செனட்டராக இருந்த ஜோ பைடன் முன்வைத்த மசோதாவின் முகவுரை, தண்ணீர் பாட்டில் அதிக விலைக்கு விற்பதையும், ஆட்டக்காரர்கள் உடல் சூடு தணித்துக்கொள்ளும் அறைகள் இருப்பதையும், ஒளிரும் குச்சிகளையும் போதைப்பொருள் கொண்டாட்டத்தின் அடையாளங்களாகக் குறிப்பிட்டது. எதிர்ப்பு வந்ததால் அந்த முகவுரை கைவிடப்பட்டது. அதன் சாரம் 2003-ல் வேறொரு சட்டத்தோடு சேர்ந்து நிறைவேறியது. நிரந்தர இடம் மட்டுமல்ல, ஒரு நாள் இரவுக்குத் திறக்கும் இடமும் இப்போது பிரிவுக்குள் வரும். குறைந்த நிரூபணத்தில் விதிக்கக்கூடிய உரிமையியல் அபராதமும் சேர்ந்தது, 2.5 லட்சம் டாலர் அல்லது வருமானத்தின் இரு மடங்கு, எது அதிகமோ அது.

சட்டம் வந்து சில வாரங்களிலேயே அதன் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று தெரிந்தது. மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில், கஞ்சா சட்டங்களை மாற்றக் கோரும் குழுக்கள் நிதி திரட்ட ஓர் இசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்திருந்தன. அன்று போதைப்பொருள் தடுப்பு முகமையின் அதிகாரி ஒருவர் அரங்க நிர்வாகியைச் சந்தித்து, உள்ளே யாராவது கஞ்சா புகைத்தால் 2.5 லட்சம் டாலர் அபராதம் வரலாம் என்று எச்சரித்தார். நிகழ்ச்சி ரத்தானது. வழக்கும் இல்லை, குற்றமும் நடக்கவில்லை. சட்டத்தை மாற்று என்று கேட்பதற்கான மேடை மட்டும் பறிபோனது.

மற்ற பாதிப்பு கண்ணுக்குத் தெரியாதது, அதனால் இன்னும் மோசமானது. எக்ஸ்டஸி சாப்பிட்டு மணிக்கணக்கில் ஆடுபவர்களுக்குப் பெரிய ஆபத்து உடல் வெப்பம் அளவு மீறுவது. இலவசத் தண்ணீர், குளிர்ந்த அறை, மருத்துவக் குழு, மாத்திரையில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்லும் மேசை, இவை உயிரைக் காப்பாற்றும். ஆனால் இவற்றை வைப்பவர், உள்ளே போதைப்பொருள் இருக்கும் என்று தனக்குத் தெரியும் என ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடுமோ என்று வழக்கறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். 2013-ல் அப்படி ஒரு நிகழ்ச்சியில் உடல் வெப்பத்தால் மகளை இழந்த ஒரு தாய், இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரிப் பிரச்சாரம் செய்தார். போதைப்பொருளை ஆதரித்து அல்ல. நடத்துபவர்கள் பயமின்றிப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய ஒரு வரி சேருங்கள் என்றுதான். அதில் என்ன தவறு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கதவைப் பூட்டும் அதிகாரம்

சிறைக்கு அனுப்பாமலே இடத்தைத் தண்டிக்கும் வழிகளும் உண்டு. குற்றவியல் நிரூபணம் தேவையில்லை என்பதால் அரசுகள் இவற்றைத்தான் அதிகம் விரும்புகின்றன.

நெதர்லாந்தில் அபின் சட்டத்தின் 13பி பிரிவு மேயருக்கே அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. 1999-ல் வந்தபோது கடைகளுக்கும் பொது இடங்களுக்கும்தான். 2007-ல் வீடுகள் சேர்ந்தன, 2019-ல் தயாரிப்புக்கான ஏற்பாடுகளும் சேர்ந்தன. ஹெராயின், கொக்கைன் போன்ற கடும் போதைப்பொருள் அரை கிராமைத் தாண்டினாலே விற்பனைக்கானது என்று பொதுவாகக் கருதப்படும். மகன் அறையில் கிடைத்ததற்காகக் குடும்பமே மாதக்கணக்கில் வீட்டை இழக்கலாம். இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில், போலீஸ் அறிவிப்பு கொடுத்த 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்கு வரவேண்டும், வீட்டை மூன்று மாதம் வரை மூடலாம் என்று இருந்தது. 2014-ல் வந்த பொதுவான மூடல் ஆணை அதன் இடத்தைப் பிடித்தது.

அமெரிக்க அரசுக் குடியிருப்புகளில் இது வாடகை ஒப்பந்தத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. வீட்டில் இருப்பவரோ விருந்தினரோ போதைப்பொருள் குற்றம் செய்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று 1988-ல் ஒரு சட்டம். ஓக்லாந்தில் 63 வயதுப் பெண் ஒருவர், மகள் தெருவில் கொக்கைனுடன் பிடிபட்டதற்காக வெளியேற்ற அறிவிப்பு பெற்றார். 75 வயது மாற்றுத்திறனாளி ஒருவருக்கு, அவரைப் பராமரிக்க வந்தவரிடம் கொக்கைன் இருந்ததற்காக. 2002-ல் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பில், வாடகைதாரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றது. ஸ்வீட் வழக்கில் பிரபுக்கள் சபை மூடிய கதவு, உரிமையியல் சட்டத்தின் பின்பக்கம் வழியாகத் திறந்துவிட்டது. சொந்த வீடு உள்ளவருக்குத் தெரியாதென்றால் வழக்கில்லை, அரசு வீட்டில் இருக்கும் ஏழைக்குத் தெரியாவிட்டாலும் வீடில்லை.

பறிமுதலில் ஒரு வழக்கு மட்டும் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டியூக்ஸ்பரியில், கடனில்லாத ஒரு குடும்ப மோட்டலைக் கூட்டாட்சி அரசு பறிமுதல் செய்ய முயன்றது. 1994 முதல் 2008 வரை அங்கே ஏறக்குறைய 2 லட்சம் முறை அறைகள் வாடகைக்கு விடப்பட்டிருந்தன. அரசு காட்டிய போதைப்பொருள் சம்பவங்கள் 15. அவற்றில் எதிலும் உரிமையாளருக்குத் தொடர்பில்லை. 2013-ல் நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இலவசமாக வாதாட ஒரு சட்ட அமைப்பு வந்திராவிட்டால் அவர் பணிந்து போயிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு வகை மனிதர்களும் இந்தச் சட்டங்களுக்குள் சிக்குகிறார்கள். தனியாக வாழும் முதியவர், மனநலம் குன்றியவர், அடிமைப்பட்டவர் போன்றோரின் வீட்டுக்குள் விற்பனைக் கும்பல் புகுந்து அதையே கிடங்காக்கிக்கொள்ளும். வேறு பறவையின் கூட்டில் முட்டையிடும் குயில்போல என்பதால் பிரிட்டனில் இதற்கு ‘குக்கூயிங்’ என்று பெயர். வீட்டுக்காரருக்குத் தெரியும்தான். வெளியே சொன்னால் அடி விழும். அப்படிப்பட்டவரைத் ‘தெரிந்தே அனுமதித்தவர்’ என்று எழுதிவைப்பது கொடுமை. வேறொருவரின் வீட்டை இப்படிக் கைப்பற்றுவதையே தனிக் குற்றமாக்கும் மசோதா 2025-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வந்தது. இந்தத் திசைதான் சரி.

ஃபிலடெல்ஃபியாவின் கேள்வி

சட்டத்தின் கடைசி எல்லை வரை போன வழக்கு ‘சேஃப்ஹவுஸ்’. அளவு மீறிய ஊசியால் மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த ஃபிலடெல்ஃபியாவில், தாங்களே கொண்டுவந்த போதைப்பொருளை மருத்துவக் கண்காணிப்பில் போட்டுக்கொள்ள ஓர் இடம் அமைக்க அந்த அமைப்பு திட்டமிட்டது. மூச்சு நின்றால் மாற்றுமருந்தும் ஆக்ஸிஜனும் கையருகில் இருக்கும். திறக்கும் முன்பே, 2019-ல், அரசு வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது: உயிர் காப்பதுதான் இந்த இடத்தின் நோக்கம், போதைப்பொருள் பயன்பாடு அல்ல. 2021 ஜனவரியில் மூன்றாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைப் புரட்டியது. பழைய மோட்டல் வழக்கின் தர்க்கம்தான். நடத்துபவர் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வருபவரின் நோக்கம் போதைப்பொருள், அது நடத்துபவருக்குத் தெரியும், குற்றம் முழுமையாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

சொல்லுக்குச் சொல் படித்தால் அந்தத் தீர்ப்பைத் தவறென்று சொல்வது கடினம். அதனால்தான் இதைச் சட்டமன்றம் தீர்க்க வேண்டும் என்கிறேன். ஜெர்மனியில் பயன்படுத்த வாய்ப்பு ஏற்படுத்திக்கொடுப்பது குற்றம்தான். ஆனால் 2000-ல் 10ஏ பிரிவைச் சேர்த்து, மருத்துவ வசதி உள்ளிட்ட குறைந்தபட்ச நிபந்தனைகளோடு நுகர்வு அறைகளுக்கு உரிமம் கொடுக்க வழி செய்தார்கள். மாநிலங்கள் விரும்பினால் திறக்கலாம்; பவேரியா போன்றவை திறக்கவில்லை. சிட்னியில் 2001 முதலும் வான்கூவரில் 2003 முதலும் இப்படிப்பட்ட இடங்கள் சட்டப்படி இயங்குகின்றன. கிளாஸ்கோவில் வேறு வழி: அங்கே உள்ளே பொருள் வைத்திருப்பவர்கள் மேல் வழக்குத் தொடுப்பது பொதுநலனில் இல்லை என்று ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞர் 2023-ல் அறிவித்தார், 2025 ஜனவரியில் மையம் திறந்தது.

அமெரிக்காவில் ஒரே பிரிவு இப்போது இரண்டு விதமாக வாழ்கிறது. மூன்றாவது சுற்றின் தீர்ப்பு பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, டெலவேர், வெர்ஜின் தீவுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அந்த எல்லைக்கு வெளியே, நியூயார்க் நகரில் 2021 நவம்பரில் இரண்டு மையங்கள் வெளிப்படையாகத் திறந்தன. ரோட் ஐலண்ட் மாநிலம் அதே ஆண்டு தனிச் சட்டமே இயற்றியது. கூட்டாட்சிப் பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அங்கே வேலை செய்யும் செவிலியர் ஒவ்வொருவரும், மூச்சு நின்ற ஒருவருக்கு ஆக்ஸிஜன் வைக்கும் அந்த நிமிடத்திலும், ஓர் அரசு வழக்கறிஞர் மனம் மாறினால் 20 ஆண்டு தண்டனைக்குரிய வழக்கில் எதிரியாகக்கூடும்.